சூடேறாத சிலிண்டர்

கைதட்டல் ஓய்ந்து, கூட்டம் நிழல் தேடி நகர்ந்த பிறகுதான் ஹோஸ்காரம்மா லாரிக்கு அடியில் குனிந்து சிலிண்டரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சிலிண்டர் சில்லென்று இருந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இடது கையை வைத்தாள். புறங்கையை வைத்துப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் இரும்பு இரும்பாகவே இருந்தது.

அந்தக் குளிர்ச்சிக்கு என்ன அர்த்தம் என்பது அந்த வளாகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போய், வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவதுதான் சரி.

அவளுடைய கடை ஒர்க்‌ஷாப் தெருவில் கடைசிக்கு முந்தின கடை. டிப்பர் லாரியோ, மண் அள்ளும் இயந்திரமோ, பாரம் தூக்கும் வண்டியோ, அதன் கையையும் காலையும் அசைப்பது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஹோஸ் என்கிற ரப்பர் குழாய். ஹோஸ் வெடித்தால் வண்டி தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிடும். அப்போது எல்லோரும் அவளிடம் ஓடிவர வேண்டியதுதான். பத்தொன்பது வருஷமாக ஹோஸ் வெட்டி, இரும்பு முனை வைத்து அழுத்தி, பிரஷர் ஏற்றிக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மா அழுத்திக் கொடுத்த முனை பிடுங்கிக்கிட்டு வந்ததா சரித்திரமே இல்ல" என்று டிப்பர்காரர்கள் சொல்வார்கள். அவள் காதில் விழாதது போல இருப்பாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அவள் கணவர் நகராட்சியின் குப்பை லாரி ஓட்டுநர். டிரைவர் என்றால் அந்தத் தெருவில் அவர்தான். ஒரு நாளைக்கு அறுநூறு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அறுநூறு தடவை கிளப்ப வேண்டும். சாயங்காலம் வந்து வலது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு ஒருநாள் சொன்னார்:

"ஓடறதுக்கு டீசல் குடிக்குது. ஓடினத நிறுத்தறதுக்கு நான் மிதிக்கிறேன். மிதிச்சதெல்லாம் பிரேக்ல சூடாகி ஊதிட்டுப் போகுது. இதுல யாருக்கு என்ன லாபம்னு சொல்லு."

அவர் அதைக் கால் வலியில் சொன்னார். அவள் அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அழுத்தியதை விட்டால் கைப்பிடி தானாக மேலே எழும்பி வரும். உள்ளே இருக்கும் காற்று, நாம் கொடுத்த பலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அவள் செய்ததும் அதுதான், அளவு மட்டும் பெரிது. லாரியின் சக்கரத்தைச் சுழற்றும் தண்டோடு ஒரு பம்பைச் சேர்த்தாள். வண்டி நிற்கும்போது அந்தப் பம்ப் சுழன்று, எண்ணெயைக் கனமான ஒரு எஃகு சிலிண்டருக்குள் தள்ளும். சிலிண்டருக்குள் ரப்பர் பையில் நைட்ரஜன் வாயு இருக்கிறது. எண்ணெய் புகுந்ததும் பை நசுங்கிச் சுருண்டுகொள்ளும். வண்டி கிளம்பும்போது அந்தப் பை விரிந்து எண்ணெயைத் திருப்பித் தள்ள, அதே பம்ப் மோட்டாராக மாறிச் சக்கரத்தைச் சுழற்றும். எந்த லாரியிலும் இன்ஜினைக் கிளப்ப ஒரு சின்ன பேட்டரி இருக்குமே, அதைத் தவிர வண்டியில் வேறு பேட்டரி கிடையாது.

சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். அடிக்க அடிக்க அதன் உடம்பு சுடும். அவளுடைய சிலிண்டரும் அப்படித்தான். நாலு தெரு சுற்றிவிட்டு வந்தால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதிக்கும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அவள் முதலில் செய்கிற காரியம் அதைத் தொட்டுப் பார்ப்பது. பிரஷர் முள் காட்டுகிற கணக்கெல்லாம் அதற்கப்புறம்.

இதை எழுத ஒரு பத்தி போதும். செய்ய பதினாலு மாதம் ஆனது. நகராட்சியின் துப்புரவுத் துறையில் கழித்துப் போட்ட ஒரு லாரியைச் சோதனைக்கென்று எழுதிக் கேட்டு வாங்கினாள். டிரைவர் வேலை முடிந்து வந்து ஓட்டிக் கொடுத்தார். அவள் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து நட்டு கழற்றும்போதெல்லாம் அவர் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையைத் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பார். அவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். கழற்றின நட்டைக் கையை நீட்டிப் போடுவாள், அது அவர் கையில் விழும். பதினாலு மாதத்தில் ஒரு நட்டு கீழே விழுந்ததில்லை.

அவளுடைய தம்பி எலக்ட்ரீஷியன். தெருவுக்கே அவன் ஃபியூஸ். பத்து வயசில் வீட்டு மெயினில் ஆணியைச் சொருகி வாங்கின பட்டம் அது. அவனுக்குப் பேட்டரிதான் உலகம்.

"உலகமே பேட்டரி பேட்டரின்னு ஓடுது. எங்க அக்கா மட்டும் எண்ணெயக் கட்டிக்கிட்டு அழுவுது" என்பான்.

"நீ போயி உன் டார்ச் லைட்டுக்கு மருந்து போடு, போ."

"சிரிக்காத. ஒருநாள் எங்கிட்டதான் வந்து நிப்ப."

"நிக்கிறேன். எம் பிணத்துக்கு லைட் போடணும்னா உன்னத்தான் கூப்பிடணும்."

இப்படிச் சீண்டிக்கொள்வார்களே தவிர, வண்டியின் முன்பலகையில் இருக்கிற பிரஷர் முள், விளக்கு, வயர் எல்லாம் அவன் கைவேலைதான். அக்கா கேட்டு அவன் இல்லையென்று சொன்னதில்லை.

துறையின் பொறியாளர் ஒரு கண்டிப்பான அம்மா. மூன்று வருஷத்துக்கு முன்னால் பேட்டரி குப்பை வண்டிகள் எட்டு வாங்கினார்கள். அதில் ஐந்து படுத்துவிட்டன, ஒன்று நிறுத்தி வைத்த இடத்திலேயே எரிந்தது. அதிலிருந்து அவர் பேட்டரி என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். "உங்க வண்டியில நிஜமாவே பேட்டரி இல்லையா?" என்று முதல் நாளே கேட்டார்.

"பிரிச்சுப் பாருங்க மேடம். இருந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்றாள் ஹோஸ்காரம்மா.

சோதனையில் தேறினால் இருபத்திரண்டு லாரிகளுக்கு அவள் சிலிண்டர் போடுவதாகப் பேச்சு. அதைவிட அவளுக்குப் பெரிது, பேட்டரி இல்லை என்று தான் கொடுத்த வாக்கு.

சோதனை இதுதான். நாற்பது இடத்தில் சுண்ணாம்புக் கோடு. ஒவ்வொரு கோட்டிலும் நின்று கிளம்ப வேண்டும். கடைசியில் குப்பைக் கிடங்கின் மேடு. மேட்டின் அடியில் இன்ஜினை அணைத்துவிட்டு, சேர்த்து வைத்த பலத்தை மட்டும் கொண்டு உச்சிக்கு ஏற வேண்டும். ஒன்பது நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி ஒத்திகை பார்த்தார்கள். முக்கால் மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. பின்னால் உருளத் தொடங்கியதும் டிரைவர் கைபிரேக்கை இழுத்தார். முகமெல்லாம் வேர்வை.

மறுநாளே அவள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாள். நைட்ரஜன் அடைக்கிற வாயில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து வெடித்திருந்தது. யாருக்கும் தெரியாமல் வாயு கசிந்து, பை தொளதொளத்துப் போயிருந்தது. புது வளையம் போட்டு, வாயு நிரப்பி, சிலிண்டரின் மேலிருக்கிற, அழுத்தம் காட்டும் சின்ன கேஜில் முள் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தாள். நாலு நாள் காலையும் மாலையும் பார்த்தாள். முள் மயிரிழைகூட நகரவில்லை.

"சரியாயிடுச்சு" என்று இருவரிடமும் சொன்னாள். "இனிமே ஏறும்."

டிரைவர் தலையாட்டினார். தம்பியும் தலையாட்டினான். மேட்டில் மறுபடி ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை.

அந்த வார இறுதியில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஞாயிறு மாலைக்குள் வண்டியைத் துறை வளாகத்தில் விட்டுவிட வேண்டும், முத்திரை வைத்துவிடுவார்கள் என்பது விதி. "நீ அம்மாவப் பாத்துக்க. வண்டிய நாங்க கொண்டுபோய் விட்டுடறோம்" என்றார் டிரைவர். அவளும் நிம்மதியாக இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, ஓட்டுநர் இருக்கையில் ஏறும் முன்னால் டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"கவலைப்படாத. இன்னைக்கு ஏறிடும்" என்றார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினாலு மாதமாக அவர் ஓட்டியிருக்கிறார், கை நீட்டியிருக்கிறார், எண்ணெய்ச் சட்டையைத் துவைத்திருக்கிறார். ஒருநாளும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கேட்டதுமில்லை. கேட்காமல் கிடைத்ததை வைத்துக்கொண்டு பொறியாளர் அம்மாவின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

லாரியில் டிரைவரும், ஸ்டாப் வாட்ச் பிடித்த துறை ஆள் ஒருவரும் மட்டும். ஜீப்பின் கண்ணாடி ஏற்றியிருந்தது. லாரி ஒவ்வொரு கோட்டிலும் நின்றது, நழுவிக் கிளம்பியது. நாற்பதும் முடிந்தது. மேட்டின் அடியில் இன்ஜினை அணைத்தார்கள். புகை நின்றது. லாரி மேட்டில் ஏறியது. முக்கால் மேட்டில் அவள் நகத்தைக் கடித்தாள். லாரி அங்கே தயங்கக்கூட இல்லை. பாலாடையில் கத்தி இறங்குவது போல உச்சிக்குப் போய் நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். பொறியாளர் அம்மாவே தட்டினார். "அறிக்கை எழுதறேன். ஒரு மணிக்கு அலுவலகத்துக்கு வந்து உறுதிமொழியில கையெழுத்துப் போடுங்க" என்றார். லாரியைக் கீழே கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினார்கள். அவள் பழக்க தோஷத்தில் போய்த் தொட்டாள்.

இப்போது அந்தக் குளிர்ச்சிக்கு அர்த்தம் தெரிந்திருக்கும். நாற்பது தடவை நின்று கிளம்பி, ஒரு மேடும் ஏறிவிட்டு வந்த சிலிண்டர், கை வைக்க முடியாமல் கொதிக்க வேண்டும். கொதிக்கவில்லை என்றால் அது வேலையே செய்யவில்லை.

அப்படியானால் லாரியை ஏற்றியது எது?

மல்லாந்து படுத்து உள்ளே போனாள். முதலில் சின்ன கேஜ் கண்ணில் பட்டது. முள் சாக்பீஸ் கோட்டின் மேல், அவள் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே நின்றது; வாயு கசியவே இல்லை. அடுத்து, சிலிண்டருக்கு எண்ணெய் போகிற குழாயின் வால்வு. திறந்திருந்தால் அதன் பிடி குழாயோடு நீட்டமாக இருக்கும். இப்போது குறுக்கே இருந்தது. அசையாதபடி ஒரு கம்பியால் கட்டியும் வைத்திருந்தார்கள். பம்புக்குப் பின்னால், தகட்டு மறைப்புக்குள், பாரம் தூக்கும் வண்டியிலிருந்து கழற்றின ஒரு மின்மோட்டார் தண்டோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து கட்டைவிரல் தடிமனில் இரண்டு கேபிள். முனையில் கறுப்பு டேப், அதன்மேல் சிவப்பு டேப் இரண்டு சுற்று. அந்தக் கட்டை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனாள். அது லாரியின் பின்புறம், குப்பையிலிருந்து வடிகிற கழிவுநீருக்கான பெட்டியில் போய் முடிந்தது. எந்த அதிகாரியும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற பெட்டி அது. மூடியைத் தூக்கினாள். நாற்றமே இல்லை. கழுவித் துடைத்த பெட்டிக்குள் புது ரப்பர் வாசனையோடு எட்டு பேட்டரிகள் வரிசையாக இருந்தன.

"என்னக்கா, திருஷ்டி பட்டுடும்னு வண்டிக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டியா?"

தம்பி இரண்டு கையிலும் டீயோடு வந்தான். திறந்திருந்த மூடியைப் பார்த்தான். டீ தளும்பி அவன் விரலில் கொட்டியது. அவன் உதறக்கூட இல்லை.

"எப்படிக்கா தெரிஞ்சுது?" என்றான். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. "முன்பலகையில முள்ளெல்லாம் கரெக்டா ஆடற மாதிரி வயர் குடுத்தேனே."

"முள்ளு ஆடியிருக்கும். நீ வால்வ ஏன் மூடின?"

"ரெண்டும் சேந்து இழுத்தா ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். அதான்." பிறகு அவசரமாக, "இன்னைக்கு ஒருநாளுக்குத்தாங்க்கா. பாஸ் ஆனதும் ராவோட ராவா கழட்டிடலாம்னு இருந்தேன். அப்புறம் உன் சிலிண்டர்தானே ஓடப்போவுது."

"எப்ப மாட்டின?"

அவன் சொல்ல வேண்டியதே இல்லை. அவள் மாமியாரின் தலைமாட்டில் உட்கார்ந்து மூன்று மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளைத் தவிர வேறு நாளே கிடையாது.

"ரெண்டு நாள்ல நீ ஒருத்தனா மோட்டார ஏத்தியிருக்க முடியாதுடா. அவருக்குத் தெரியுமா?"

ஃபியூஸ் கையிலிருந்த டீயைப் பார்த்தான்.

"டேய், அவருக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"மாமாதாங்க்கா ஆரம்பிச்சாரு."

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தம்பி செய்ததைக் கேட்டபோது கோபம் வந்தது. கோபம் வந்தால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். இதைக் கேட்டபோது அந்தக் கோபம்கூட வரவில்லை. இன்னைக்கு ஏறிடும். காலையில் அவர் சொன்னது அவளை நம்பி இல்லை. பெட்டிக்குள் இருந்த எட்டை நம்பி. அவள் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஜீப்பில் போனது, கண் கலங்கினது, எல்லாம் இப்போது நினைக்க நினைக்க உடம்பு கூசியது. ஊரார் முன்னால் ஏமாந்தவளைவிட, அப்போது சந்தோஷப்பட்டவளைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

டிரைவர் கை கழுவிவிட்டு முகம் துடைத்துக்கொண்டு வந்தார். இருவரையும் பார்த்தார். துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

"உனக்காகத்தான்" என்றார்.

அவள் பெட்டிக்குள் இருந்த எட்டையும் விரலால் காட்டினாள்.

"அன்னைக்கு மேட்டுல வண்டி பின்னால போனப்ப உள்ள உக்காந்திருந்தது நான். நீ கீழ நின்ன. எனக்கு உசிரு போயி உசிரு வந்துது. நாளைக்கு அத்தன பேரு முன்னால அப்படி நின்னா உன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? நீ தலை குனிஞ்சு நிக்கக் கூடாதுன்னுதான்..."

"ரப்பர மாத்திட்டேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"முள்ளு நாலு நாளா நகரலன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. நீ சொன்னதெல்லாம் சரி. ஆனா..."

"ஆனா நம்பல."

"நம்பலன்னு இல்ல. பயம்."

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நானும் பயந்திருப்பேன், மூணு பேரும் சேந்து பயந்திருக்கலாம். ஏறிடும்னு ஏன் சொன்னீங்க?"

தம்பி நடுவில் வந்தான்.

"அக்கா, நடந்தது நடந்துபோச்சு. இப்ப மணி பன்னெண்டே முக்கால். போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு. வெளில யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சவங்க மூணு பேரு இருக்கோமே, போதாதா?"

பெட்டியின் மூடியை மூடாமல் அலுவலகத்துக்கு நடந்தாள்.

பொறியாளர் அம்மா அறிக்கையைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் உறுதிமொழித் தாள் தயாராக இருந்தது. நாலாவது வரி: இவ்வண்டியை நகர்த்துவதற்கான மின்கலம் எதுவும் இதில் இல்லை என்று உறுதி கூறுகிறேன். பேனாவை எடுத்து நீட்டினார்.

"வண்டியில எட்டு பேட்டரி இருக்கு மேடம்" என்றாள் ஹோஸ்காரம்மா. "மேட்டுல ஏறினது அதுலதான். என் சிலிண்டர் வால்வு மூடியிருந்துது. எனக்கு இப்பதான் தெரியும்."

நீட்டிய பேனா அப்படியே நின்றது. பிறகு பொறியாளர் அம்மா அதை மூடி வைத்தார்.

"யாரு வெச்சது?"

"என் வண்டி மேடம். பொறுப்பு என்னோடது."

"நான் அத கேக்கல."

"அதுக்கு மேல நான் சொல்ல முடியாது."

அந்த அம்மா ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தார். லாரிக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்கு அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"சோதனை செல்லாது. இனி உங்க பேர்ல வர்ற மனுவ ரெண்டு வருஷத்துக்கு எடுக்க மாட்டாங்க. விதி அப்படி."

"சரிங்க மேடம். இப்ப ஒரு தடவ ஓட்டிக் காட்டறேன். வந்து பாருங்க."

"பாத்தாலும் எழுத முடியாது."

"எழுத வேணாம். பாருங்க, போதும்."

அவள் கேபிள்கள் இரண்டையும் தானே பிடுங்கி, முன்பலகை முள்ளின் வயரைப் பழைய இடத்திலேயே சொருகினாள். மோட்டாரைத் தண்டிலிருந்து விலக்கினாள். வால்வில் கட்டியிருந்த கம்பியை வெட்டி, பிடியை நீட்டமாகத் திருப்பினாள். டிரைவர் வழக்கம் போல ஓட்டுநர் பக்கக் கதவுக்கு நடந்தார். அவள் முந்திப் போய் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹோஸ் மாற்றின டிப்பர்களை ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கிறவளுக்கு லாரி புதிதில்லை. பொறியாளர் அம்மா மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

நாற்பது கோட்டிலும் நின்றாள். நிற்கும்போதெல்லாம் எண்ணெய் புகுகிற ஓசை பாம்பு சீறுகிற மாதிரி கேட்டது. காலையில் ஜீப்பின் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தால், அந்த ஓசை இல்லாததே காட்டிக் கொடுத்திருக்கும். மேட்டின் அடியில் இன்ஜினை அணைத்தாள். பெடலை மிதித்தாள்.

லாரி ஏறியது. காலையில் போல வழுக்கிக்கொண்டு போகவில்லை. முனகிக்கொண்டு, கனத்தைச் சுமந்துகொண்டு ஏறியது. முக்கால் மேட்டில் வேகம் குறைந்தது. பொறியாளர் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முன்சக்கரம் உச்சியின் சமதளத்தைத் தொட்டது, பிறகு பின்சக்கரம். நின்றபோது முள்ளில் இன்னும் விரற்கடை மிச்சம் இருந்தது.

"ஏறிடுச்சு" என்றார் பொறியாளர் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "காலைலயே இப்படி..." என்று தொடங்கி, முடிக்காமல் இறங்கி நடந்து போனார்.

அவள் லாரியை மரத்தடிக்குக் கொண்டுவந்தாள். இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"கைய வெச்சுப் பாருங்க" என்று சிலிண்டரைக் காட்டினாள்.

டிரைவர் குனிந்து சிலிண்டரில் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். தம்பியும் தொட்டான்.

"சுடுது" என்றார் டிரைவர்.

"பதினாலு மாசமா சுட்டுக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் இன்னைக்குத்தான் தொடறீங்க."

தம்பிக்கு அப்போதுதான் புரிந்தது, எதில் மாட்டிக்கொண்டோம் என்று. முள்ளை ஆட வைக்கத் தெரிந்தவனுக்கு, இரும்பைச் சுட வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை. "அக்கா" என்று ஏதோ சொல்ல வந்தான். அவள் காதில் வாங்கவில்லை. தோள் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்து டிரைவரிடம் நீட்டினாள்.

"மூணு மணிக்கு உங்கம்மாவுக்கு விடணும். வலது கண்ணு. ஒரு சொட்டுதான்."

"நீ வரலையா?"

"எட்டையும் கழட்டணும்."

"நானும் இருக்கேன்" என்றார். "இன்னும் நேரம் இருக்கு."

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெட்டியின் அடியில் மல்லாந்து படுத்தாள். முதல் நட்டு இறுக்கமாக இருந்தது. தம்பியின் கை பலமான கை. இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை இளகியது.

பக்கத்தில் டிரைவர் குந்தி உட்கார்வது தெரிந்தது. மருந்துக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைத் தட்டு மாதிரி நீட்டினார். சிலிண்டர் சுட்ட இடம் சிவந்திருந்தது.

அவள் நட்டைக் கழற்றி, அந்தக் கைக்குப் பக்கத்தில், மண்ணில் வைத்தாள். அடுத்ததைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். நீட்டின கை நெடுநேரம் அங்கேயே இருந்தது.